எஃப்/8 படம் ஏன் 6 என்று காட்டியது?
பழைய படங்களை அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு, எஃப்/8 போல எஃப் எண்ணால் சொல்வது) வாரியாகப் பிரிக்க ஒரு சின்ன பைதான் ஸ்கிரிப்ட் எழுதினேன். எஃப்/8-இல் எடுத்ததெல்லாம் 6 என்றும் எஃப்/5.6-இல் எடுத்ததெல்லாம் 4.97 என்றும் வந்தன. எஃப்/4 மட்டும் ஒழுங்காக 4 என்றே வந்ததுதான் ரொம்பக் குழப்பியது.

விஷயம் இதுதான். எக்ஸிஃபில், அதாவது படக் கோப்புக்குள் கேமரா எழுதிவைக்கும் தகவலில், அப்பர்ச்சருக்கு இரண்டு இடம் (டேக்) உண்டு. 33437-ஆம் டேக்கான எஃப்நம்பரில் கேமராவில் பார்க்கும் எண்ணே இருக்கும். 37378-ஆம் டேக்கான அப்பர்ச்சர்வேல்யூவில் இருப்பது அபெக்ஸ் என்ற ஒளியளவு முறையின் கணக்கு, அதாவது எஃப் எண்ணுக்கு 2 அடிமான மடக்கை எடுத்து அதை இரட்டிப்பாக்கியது, ஒரு ஸ்டாப் மூடினால் (ஒளி பாதியானால்) 1 கூடும். எஃப்/2, எஃப்/4 இரண்டுக்கும் மட்டும் தற்செயலாக ஒரே எண் வந்துவிடும்.

ஸ்கிரிப்டை எஃப்நம்பருக்கு மாற்றினேன், தீர்ந்தது. அது இல்லாத படமா, அபெக்ஸ் மதிப்பில் பாதியை 2-இன் அடுக்காகப் போட்டால் சரி. மின்தொடர்பு இல்லாத பழைய மேனுவல் லென்ஸ் என்றால் பெரும்பாலும் எந்தக் கணக்கும் உதவாது, கேமராவுக்கே அப்பர்ச்சர் தெரியாதே!