குடல் அழற்சி நோயில் ஒதுக்கிய உணவை மீண்டும் தட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

குடல் அழற்சி நோயின் இரு முக்கிய வகைகளான கிரோன் நோயோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ உறுதியானதும், சாப்பிடக் கூடாதவற்றின் பட்டியல் ஒன்று பலரது மனத்தில் வளரத் தொடங்கிவிடுகிறது. நோய் முற்றியிருந்த வாரத்தில் எதை உண்டாலும் வயிறு வலித்திருக்கும். அந்த நேரத்தில் தட்டில் இருந்த ஒரே குற்றத்துக்காகத் தக்காளியும் பருப்பும் ஆயுள் தண்டனை அனுபவிக்கும். இந்த நோயாளிகள் அனைவருக்கும் பொருந்தும் ஒரே உணவுமுறை கிடையாது என்பதால், அந்தப் பட்டியலை ஒவ்வொருவரும் தாமே சோதித்துக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

படி 1: நோய் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்

அழற்சி தீவிரமாக இருக்கும்போது இச்சோதனையைத் தொடங்காதீர்கள், ஏனெனில் தொல்லை உணவால் வந்ததா நோயால் வந்ததா என்று அப்போது பிரித்தறிய முடியாது. குடலில் அழற்சி இருக்கிறதா என்பதைக் கால்புரொடெக்டின் மலப் பரிசோதனை ஓரளவு காட்டும். கிரோன் நோயால் குடலின் உள்வழி ஓரிடத்தில் குறுகியிருந்தால், கொட்டைகள், விதைகள், தடித்த தோல், நார் மிகுந்த காய்கள் ஆகியவை அடைப்பை உண்டாக்கக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொட வேண்டாம். மருந்தையும் நிறுத்தக் கூடாது.

படி 2: இரண்டு வாரம் குறிப்பெழுதுங்கள்

உண்ட நேரம், அளவு, சமைத்த விதம், மலம் கழித்த எண்ணிக்கை, வலி, தூக்கம், மனஅழுத்தம் ஆகியவற்றை எழுதுவது வழக்கமானதுதான். அதனுடன் இன்னொரு பத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த உணவு எவ்வளவு பிடித்திருந்தது என்பதற்கு 5-க்கு ஒரு மதிப்பெண். வாரம் முழுவதும் வயிறு அமைதியாக இருந்தும் மதிப்பெண்கள் 1, 2 என்றே நின்றால், உங்கள் உணவுமுறையில் சரிசெய்ய வேண்டியது இருக்கிறது என்றே நான் கொள்வேன். எதை முதலில் மீட்பது என்பதையும் இந்தப் பத்தியே காட்டும்: மிகவும் ஏங்கும் உணவிலிருந்து தொடங்குங்கள்.

படி 3: வடிவத்தை மாற்றி, ஒன்றை மட்டும் சேருங்கள்

பல நேரங்களில் தொல்லை தருவது காய் அன்று, அது வயிற்றுக்குள் போகும் வடிவமே. பச்சைக் கேரட் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்குத் தோல் சீவி, குழைய வேகவைத்து மசித்த கேரட் ஒத்துக்கொள்ளலாம். தக்காளியைத் தோலும் விதையும் நீக்கிச் சமைக்கலாம். முதல் நாள் 2 தேக்கரண்டி, மறுநாள் அதன் இரு மடங்கு, மூன்றாம் நாள் வழக்கமான அளவு என்று கூட்டுங்கள். இந்த 3 நாட்களில் வேறெந்தப் புதிய உணவும் வேண்டாம். இரண்டைச் சேர்த்துச் சோதித்தால் எதன்மீதும் பழி போட முடியாது.

படி 4: முடிவைச் சரியாகப் படியுங்கள்

வாயுவும் உப்புசமும் வந்தால் குடல் புண்ணாகிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்தவருக்கு, அழற்சி சிறிதும் இல்லாதபோதும் பால் உப்புசம் தரும். அவருக்குத் தயிரோ லாக்டோஸ் நீக்கிய பாலோ ஒத்துக்கொள்ளக்கூடும். ஒத்துக்கொள்ளாத உணவைச் சில வாரங்கள் கழித்துக் குறைந்த அளவில் மறுபடி முயலுங்கள். ஆனால் மலத்தில் இரத்தம், காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் சோதனையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

படி 5: சத்துக் குறைபாட்டைக் கணக்கில் எடுங்கள்

சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் வைட்டமின் பி12 உறிஞ்சப்படுகிறது. அப்பகுதி அகற்றப்பட்டவர்களுக்கு உணவு மட்டும் போதாமல் ஊசி தேவைப்படலாம். ஸ்டீராய்டு எடுப்பவர்கள் கால்சியத்தையும் வைட்டமின் டி-யையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

படி 6: பிறருடன் உண்ணுங்கள்

வீட்டில், அவசரமில்லாத நாளில் இரண்டு முறை ஒத்துக்கொண்ட உணவை வெளியிலும் உண்ணலாம். முதன்முறை சிறிய அளவே போதும். கழிப்பறைக்கு அருகில் இருக்கை கிடைத்தால் அங்கேயே அமருங்கள், பதற்றம் குறைந்து சாப்பாட்டின் ருசி தெரியும்.