எரிபொருளை அதிகம் குடிக்கும் பெரிய கார்களை வாடகைக்கு ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம், மண்டபம், இராமேசுவரம் கார் ஸ்டாண்டுகளில் இன்னோவா, டவேரா, எர்டிகா, டிசையர் போன்ற வண்டிகள் நிற்பதில் வியப்பில்லை. அவற்றின் நடுவே ஒரு ஃபோர்டு எண்டெவரையோ, பழைய பஜேரோவையோ, பெட்ரோல் ஃபார்ச்சூனரையோ, மெருகேற்றிய கான்டெஸாவையோ நிறுத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற எண்ணம் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு எளிதில் தோன்றிவிடுகிறது. பழைய வண்டிச் சந்தையில் இவை எதிர்பாராத குறைந்த விலைக்குக் கிடைப்பதும் அந்த எண்ணத்துக்குத் துணைபோகிறது. வாங்கியவரால் தொடர்ந்து ஓட்ட முடியாத செலவுதான் அந்த விலையைக் கீழே இறக்கியது என்பதை மறந்து, விலையை மட்டும் பார்த்து முன்பணம் கொடுப்பதே முதல் தவறு.

கணக்கைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். மதுரையில் யாத்திரிகர்களை ஏற்றி, இராமேசுவரம் வந்து, தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை காட்டிவிட்டு, மீண்டும் மதுரையில் இறக்கிவிடும் ஒரு நடைக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஆகும். எரிபொருள் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் சிறிய காருக்கு 2,500 ரூபாயும், 12.5 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 3,200 ரூபாயும், எட்டே கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 5,000 ரூபாயும் எரிபொருளுக்கு மட்டுமே போய்விடும். வாடகை பேச வருகிறவரோ இன்னோவாவுக்கு என்ன தருவாரோ அதையொட்டியே தர முன்வருவார். எஞ்சினின் பசிக்காக அவர் கூடுதலாக ஒரு ரூபாய் கொடுக்கமாட்டார். விளம்பரத் தாளில் அச்சிட்ட மைலேஜை நம்பிக் கணக்குப் போடுவதும் இதோடு சேர்ந்த தவறே. டேங்கை முழுதாக நிரப்பி, ஆட்களும் சுமையும் ஏற்றி, ஏ.சி. போட்டு, ஓரிரு நடை ஓட்டி, மறுபடி முழுதாக நிரப்பிப் பார்த்தால் கிடைக்கும் எண்தான் உண்மையான எண். ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் தூரத்தையும் அதில் சேர்த்தாக வேண்டும்.

ஆனால், எரிபொருள் அதிகம் குடிக்கும் வண்டி எல்லாமே நட்டந்தான் என்று சொல்வதும் சரியன்று. நியூயார்க் நகரில் பல ஆண்டுகள் டாக்சியாக ஓடிய ஃபோர்டு கிரவுன் விக்டோரியா 4.6 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் கொண்டது. நகருக்குள் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் அளவே தந்தது. அப்படியிருந்தும் 2011இல் அதன் உற்பத்தி நிற்கும் வரை டாக்சி முதலாளிகள் அதை விரும்பி வாங்கினார்கள். தனிச் சேசிஸ் எனும் இரும்பு அடிச்சட்டத்தின் மேல் உட்காரும் கட்டுமானம் குழிச்சாலையின் அடியைத் தாங்கியது. இடிபட்ட பாகத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது எளிதாக இருந்தது. காவல்துறைக்கும் அதே வண்டிதான் என்பதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. எரிபொருளில் இழந்ததைப் பட்டறையில் மீட்டுக்கொண்டார்கள் என்று பொருள். நம் கடற்கரையில் அரிய வண்டியை வாங்குகிறவர் பெரும்பாலும் அந்தப் பசியை மட்டும் வாங்கிக்கொள்கிறார். அதை ஈடுகட்டும் வசதி எதுவும் கூட வருவதில்லை.

ஈடுகட்டும் வழி இங்கே ஒன்றுதான் உண்டு, அது தலைக்கணக்கு. வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் கீழக்கரைக்காரரை அழைத்துவர மதுரை அல்லது திருச்சி விமான நிலையத்துக்குக் குடும்பத்தில் ஐந்து பேர் போய், அவரோடு ஆறு பேராக, அட்டைப்பெட்டிகளும் பெரிய பெட்டிகளுமாகத் திரும்பும்போது, இரண்டு சிறிய கார்கள் செய்ய வேண்டிய வேலையை ஒரு பெரிய வண்டி செய்துவிடும். அந்த நடையில் எட்டு கிலோமீட்டர் மைலேஜ்கூடக் கட்டுப்படியாகலாம். அதே வண்டியில் இருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு உத்தரகோசமங்கைக்கும் திருப்புல்லாணிக்கும் போய்வருவதில்தான் இழப்பு ஏற்படுகிறது. வந்த வாடகை எதையும் விடக்கூடாது என்று இருவருக்கும் பெரிய வண்டியையே அனுப்புவதைவிட, அந்த நடையை ஸ்டாண்டில் சிறிய கார் வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவது நல்லது. அவரும் ஆறு பேர் வரும்போது நம்மை நினைப்பார்.

உதிரிபாகத்தைப் பற்றி விசாரிக்காமல் வாங்குவது அடுத்த தவறு. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தும் முடிவை 2021இல் அறிவித்தது. டவேரா உள்ளிட்ட செவ்ரோலே கார்களின் விற்பனை 2017 இறுதியில் நின்றது. கான்டெஸா 2002 அளவிலும் அம்பாசிடர் 2014இலும் முடிந்துபோயின. நிறுவனம் போய்விட்டது என்பதற்காக எல்லா வண்டியும் ஒரே நிலையில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டவேராவும் அம்பாசிடரும் ஆயிரக்கணக்கில் வாடகைக்கு ஓடியவை என்பதால், அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளைச் சிறிய ஊர்ப் பட்டறைகளிலும் காணலாம். சொகுசுக்காகக் குறைந்த எண்ணிக்கையில் விற்ற வண்டிக்கு ஒரு சென்சார் பழுதானால், மதுரைக்கோ சென்னைக்கோ சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தின்போது ஒரு வாரம் வண்டி பட்டறையில் நின்றால் ஏற்படும் இழப்பு, அந்தப் பாகத்தின் விலையைவிடப் பெரிதாக இருக்கும்.

இந்தக் கடற்கரைக்கே உரிய பகை உப்பு. தனுஷ்கோடிச் சாலையின் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் உப்பு நீர்த்துளியும் வண்டியின் அடிப்பகுதி முழுவதும் படியும். பெரிய வண்டிகளின் சேசிஸ் உள்ளே கூடான பெட்டி வடிவத்தில் இருப்பதால், உள்ளே புகுந்த ஈர மணல் வெளியே தெரியாமலேயே இரும்பைத் தின்றுவிடும். கான்டெஸாவுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. அதன் தரைத்தகடு துருப்பிடித்தால் வண்டியின் பலமே போயிற்று. கடலோரம் போய்வந்த அன்றே கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதைத்தான் பலர் பார்ப்பதில்லை. இம்மாவட்டத்தின் கடலோர ஊர்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருக்கும். அந்த நீரை அடித்துக் கழுவுவது உப்பின் மேல் உப்பைப் பூசுவதாகத்தான் முடியும். நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கியாவது அடிப்பகுதியை அலச வேண்டும். பிரேக் குழாய்களையும் பேட்டரி முனைகளையும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் நம்பர் போர்டு போட்ட வாடகை வண்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எடுக்க வேண்டியிருப்பதால், துருவை மறைத்துப் பெயின்ட் அடித்துக் காலம் கடத்துவது வெகுநாள் ஓடாது.

உப்பு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, பயணிகளோடும் வருகிறது. அக்னி தீர்த்தத்தில் கடலாடி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈரத்துணியோடு வந்து உட்காருகிறவர்களை எழுந்திருங்கள் என்று எந்த டிரைவரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தோல் இருக்கை அதில் வெடிக்கும், ஸ்பாஞ்சு நீரை உறிஞ்சி நாறும், கார்ப்பெட்டின் அடியில் தகடு துருப்பிடிக்கும். சொகுசு வண்டிகளில் இருக்கையின் அடியிலேயே மோட்டாரும் காற்றுப்பைக்கான வயர் இணைப்புகளும் இருப்பதால், அங்கே உப்புநீர் இறங்கினால் செலவு பலமடங்காகும். தோலின் அழகு தெரியட்டும் என்று திறந்து வைப்பதைவிட, முதல் நாளே ரெக்சின் உறையும் ரப்பர் விரிப்பும் போட்டுவிடுவதே அறிவுடைமை. உயரமான வண்டியில் ஏற முடியாமல் தவிக்கும் வயதானவர்களுக்காக ஒரு சிறிய படிக்கட்டைப் பின்னால் வைத்திருப்பதும் வேண்டும்.

எஞ்சினை நிறுத்தாமல் காத்திருப்பது சத்தமில்லாமல் பணத்தைக் கரைக்கும் வழக்கம். அரிச்சல்முனையில் பயணிகள் இறங்கிப் போனபின் டிரைவர் ஏ.சி.யில் உட்கார்ந்திருந்தால், பெரிய டீசல் எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டரோ அதற்கு மேலோ குடித்துவிடும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 எனும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான டீசல் வண்டிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு: புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி, எஞ்சின் நல்ல சூட்டில் தொடர்ந்து ஓடினால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். இராமேசுவரத்துக்குள்ளேயே சுற்றுவதும் நிறுத்தத்தில் ஓடவிடுவதுமாக இருந்தால் அது அடைத்துக்கொள்ளும்.

செலவைக் குறைக்கக் குறுக்குவழி தேடுவது இதைவிட ஆபத்தானது. வீட்டுச் சமையல் சிலிண்டரை வண்டியில் பொருத்துவது சட்டவிரோதம் என்பதோடு, உயிரோடு விளையாடுவதும் ஆகும். அங்கீகாரம் பெற்ற கேஸ் கிட் போட்டாலும் அதை ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் பதிவு செய்ய வேண்டும். டிக்கியின் இடம் சிலிண்டருக்குப் போய்விட்டால் யாத்திரிகர்களின் மூட்டைகளை எங்கே வைப்பது என்பதையும் முன்பே யோசிக்க வேண்டும். பெட்ரோல் கான்டெஸாவில் வேறொரு டீசல் எஞ்சினை இறக்குவதற்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் இல்லாமல் முடியாது.

பெரிய வண்டி என்றால் மணலிலும் போகும் என்ற நம்பிக்கையும் தவறே. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும் முன், மணலில் ஓடிப் பழகிய வேன்களும் ஜீப்புகளுமே பயணிகளைக் கொண்டுபோயின. இரண்டு சக்கரத்துக்கு மட்டும் விசை போகும் எண்டெவரைச் சாலையிலிருந்து இறக்கினால், அதன் எடையே அதைப் புதைத்துவிடும்.

கடைசியாக நம்பர் போர்டு. சொந்தப் பயன்பாட்டுக்கான வெள்ளை போர்டில் வைத்துக்கொண்டு, திருமணத்துக்கு மட்டும்தானே என்று வாடகைக்கு அனுப்புவோர் பலர். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். தனிப் பயன்பாட்டுக்கான காப்பீடு, வாடகைக்கு ஓடும்போது வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குக் கைகொடுக்காது. டிரைவர் நீங்கலாக ஆறு பயணிகள் வரை மோட்டார் கேப், அதற்கு மேல் 12 வரை மேக்ஸி கேப் என்பதால், ஏழாவது ஆளை ஏற்றத் திட்டமிடுகிறவர் எந்தப் பெர்மிட் தமக்குப் பொருந்தும் என்பதை வண்டிக்கு விலை பேசுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.