டீசல் பிக்கப்பில் ஓவர்டிரைவ் பூட்டிய அனுபவம்

என் பழைய டீசல் பிக்கப்பில் நாலு கியர்தான். டாப் கியர் 1:1, அதாவது இன்ஜின் சுற்று அப்படியே பின்னால் போகும். பின் ஆக்ஸில் விகிதம் 4.10, அதாவது ஷாஃப்ட் 4.10 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். பாரம் இழுப்பதில் சூரன். நெடுஞ்சாலையில் மட்டும் இன்ஜின் நிமிடத்துக்கு 2,700 சுற்றில் கத்திக்கொண்டே வரும். ஆக்ஸில் விகிதத்தைக் குறைத்தால் இழுவை போய்விடும். அதனால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் 0.78 விகிதத்தில் தனி ஓவர்டிரைவ் யூனிட் (அதே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) பூட்டினேன். இப்போது அதே வேகத்துக்குச் சுமார் 2,100 சுற்று போதும்.

யூனிட்டை ஏற்றியதில் பெரிய சிக்கல் இல்லை, கனம்தான். ஜாக் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். நேரத்தைத் தின்றது புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் தண்டு. யூனிட்டின் நீளத்துக்கு ஏற்ப அதை வெட்டி, வெல்டிங் வைத்து, பேலன்ஸும் பார்த்த பிறகும் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். கோணமானியை வைத்துப் பார்த்தால், புதுக் கனத்தில் கியர்பாக்ஸின் பின்முனை தாழ்ந்திருந்தது. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள யூனிவர்சல் ஜாயின்ட்டுகளின் (கோணத்தில் வளைந்தபடி சுழலும் இணைப்புகள்) கோணமும் ஒத்துப்போகவில்லை. கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்ட்டுக்கு அடியில் தகடு வைத்துத் தூக்கினேன், நடுக்கம் போயே போச்சு.

ஸ்பீடோமீட்டர் கேபிளை யூனிட்டின் பின்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். முன்னால் விட்டால், ஓவர்டிரைவில் 100-இல் போகும்போது முள் 78-இல் நிற்கும்.

அப்புறம் ரிவர்ஸ். இந்த வகை யூனிட்டில் ஓவர்டிரைவ் போட்டபடி பின்னால் எடுத்தால் உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கிளட்ச்) காலி. ரிவர்ஸ் விளக்கு சுவிட்சோடு ஒரு ரிலே சேர்த்து, ரிவர்ஸ் போட்டதும் ஓவர்டிரைவைத் தானாகவே துண்டிக்க வைத்துவிட்டேன். பாரத்தோடு மேடு ஏறும்போது நானே அணைத்துவிடுவேன். குறைந்த சுற்றில் திணறவிட்டால் புகைவாயுவின் சூடு ஏறிவிடும்.