அணை நீர்மட்டமும் மழையளவும்: குமரி மாவட்டக் கணக்கைப் படமாக்கும் முறை

மழைக்காலத்தில் தினமும் காலையில் ஒரு பட்டியல் வரும். பேச்சிப்பாறை அணை இத்தனை அடி, பெருஞ்சாணி அணை இத்தனை அடி, பாலமோரில் இத்தனை மில்லிமீட்டர், கொட்டாரத்தில் இத்தனை என்று. ஒரு நாள் பட்டியலுக்குப் படம் வேண்டாம், படித்தாலே போதும். முப்பது நாள் சேரும்போதுதான் படம் தேவைப்படுகிறது. அப்போது எந்தப் படம் என்று யோசிப்பதற்கு முன், ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்று பார்த்துவிட வேண்டும். இந்த மாவட்டக் கணக்கில் தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன.

முதலில் அட்டவணை. கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் எதுவானாலும் நான்கு நிரல் போதும்: தேதி, இடம், மழையா நீர்மட்டமா என்ற வகை, அளவு. ஒரு வரியில் ஒரே ஓர் அளவுதான் இருக்க வேண்டும். தேதியை 2024-10-06 என்ற வடிவில் போடுங்கள். 06.10.2024 என்று புள்ளி வைத்தால் மென்பொருள் அதைப் பல சமயம் வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தும்போது எல்லா மாதத்து 1-ம் தேதியும் ஒன்றாக வந்து நிற்கும்.

மழை அளப்பது காலை 8.30 மணிக்கு. அந்த எண் அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்கு உரியது. 5-ம் தேதி சாயங்காலம் கொட்டிய மழை 6-ம் தேதிக் கணக்கில்தான் வரும். ஆகவே படத்தின் தலைப்பிலேயே ‘காலை 8.30 வரை’ என்று எழுதிவிடுங்கள். இன்னொன்று: மழை பெய்யாத இடங்களைப் பட்டியலில் விட்டுவிடுவதும் உண்டு. காலியான கட்டம் மழை இல்லை என்பதையும் சொல்லலாம், அளவு வரவில்லை என்பதையும் சொல்லலாம். உறுதியாகத் தெரியும்வரை 0 போடாதீர்கள். படத்தில் அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும்.

இனி அணைகள். பேச்சிப்பாறையின் முழுமட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, சிற்றாறு ஒன்றுக்கும் இரண்டுக்கும் 18 அடி. இவற்றை ஒரே அச்சில் நான்கு கோடுகளாகப் போட்டால் சிற்றாறு நிரம்பி வழியும்போதும் தரையில் கிடப்பதுபோலத் தெரியும். அதைச் சரிசெய்ய எல்லாவற்றையும் முழுமட்டத்தின் சதவீதமாக மாற்றத் தோன்றும். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. அணையின் அடிப்பகுதி ஒடுங்கியது, மேலே போகப் போக அகலும். கூம்பு வடிவப் பாத்திரத்தில் பாதி உயரம்வரை தண்ணீர் இருந்தால், உள்ளே இருப்பது கொள்ளளவில் எட்டில் ஒரு பங்குதான். அணை சரியான கூம்பு அல்ல. ஆனாலும் 24 அடியில் நிற்கும் பேச்சிப்பாறையைப் ‘பாதி நிறைந்தது’ என்று படம் சொன்னால் அது விவசாயியை ஏமாற்றும் படம். கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) நடவுக்குத் தண்ணீர் காணுமா என்று பார்ப்பவருக்கு வேண்டியது கொள்ளளவு. கன அடிக் கணக்கு கிடைத்தால் சதவீதம் போடுங்கள். கிடைக்காவிட்டால் அணைக்கு ஒரு சிறு படமாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் அதன் முழுமட்டத்தில் ஒரு மெல்லிய கோடு இழுத்து, அச்சில் அடியை அடியாகவே எழுதுங்கள். இதுவே போதுமான, நேர்மையான படம்.

நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கோடையில் அதன் மட்டம் ‘மைனஸ்’ என்று, அதாவது அளவுகோலின் 0-க்கும் கீழே, வரும். அச்சின் கீழ்முனையை 0-இல் பூட்டிவைத்தால் கோடு கீழே மறைந்துவிடும். குடிநீர் நெருக்கடியான நாட்கள்தான் படத்தில் காணாமல் போகும். அச்சைக் கீழே நீட்டி, 0-இல் அழுத்தமாக ஒரு கோடு போடுங்கள். கோட்டின்கீழ் வண்ணம் நிரப்ப வேண்டாம்.

மழைப் பட்டையையும் நீர்மட்டக் கோட்டையும் இடது, வலது என்று இரண்டு அச்சு வைத்து ஒரே படத்தில் திணிப்பது பரவலான பழக்கம். அச்சின் எல்லையைச் சற்று மாற்றினாலே இரண்டும் ஒட்டி நடப்பதுபோலவும் காட்டலாம், விலகிப் போவதுபோலவும் காட்டலாம். மேலே மழை, கீழே நீர்மட்டம், இரண்டுக்கும் ஒரே தேதி அச்சு என்று பிரித்துவிடுங்கள். மழைப் பட்டை 0-இல் தொடங்கியே ஆக வேண்டும். நீர்மட்டக் கோட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆண்டுப் படமானால் ஜனவரியில் தொடங்காமல் ஜூனில் தொடங்குங்கள். ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி அடைமழையும் இரண்டுமே அணையை நிரப்பும் மாவட்டம் இது. ஜூன் முதல் மே வரை வைத்தால் நிரம்புவதும் வடிவதும் ஒரே ஓட்டமாகத் தெரியும்.

எல்லா நிலையங்களின் மழையையும் காட்டக் கட்டப்படம்தான் (ஒவ்வொரு கட்டத்துக்கும் அளவுக்கேற்ற வண்ணம் பூசிய அட்டவணை) சிறந்தது. பிவட் டேபிளில் (ஷீட்ஸிலும் கால்க்கிலும் பட்டியலைத் திருப்பி அடுக்கும் வசதி) இடங்களை வரிசையாகவும் தேதிகளை நிரலாகவும் வையுங்கள். இடங்களை அகர வரிசையில் விடாமல் மலையிலிருந்து கடலுக்கு இறக்குங்கள்: பாலமோர், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, திற்பரப்பு, பூதப்பாண்டி, நாகர்கோவில், கொட்டாரம், குளச்சல் என்று. மலையில் மட்டும் பெய்த நாள் மேல்பாதியில் கறுக்கும். மாவட்டம் முழுக்கப் பெய்த நாள் மேலிருந்து கீழ்வரை ஒரே தூணாக நிற்கும். வண்ணத்துக்கு வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டையே எடுங்கள்: 15.6 மி.மீ. முதல் மிதமான மழை, 64.5 முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-க்கு மேல் அதிகனமழை. வகை வைக்காமல் குறைந்தது முதல் கூடியது வரை சீராக வண்ணம் பரப்பினால், ஒரே ஒரு பேய்மழை மற்ற நாட்களை வெளுக்க வைத்துவிடும். 2023 டிசம்பர் 18 காலையில் காயல்பட்டினத்தில் பதிவான 946 மி.மீ. போன்ற ஓர் எண் உள்ளே வந்தால், பக்கத்தில் 70 மி.மீ. வெறும் வெள்ளையாகத் தெரியும். வானவில் வண்ணங்கள் வேண்டாம். வெளிர்நீலத்திலிருந்து கருநீலம் வரை ஒரே நிறத்தில் போங்கள். பலவண்ணம் வேண்டுமென்றால் 2015-இல் வந்த விரிடிஸ் வண்ணவரிசை இருக்கிறது. நிறக்குருடு உள்ளவர்களுக்கும் அது பிரிந்து தெரியும்.

வரைபடமானால் தாலுகா முழுவதற்கும் ஒரே வண்ணம் பூசாதீர்கள். மழைமானி இருக்கும் இடத்தில் வட்டம் வையுங்கள். வட்டத்தின் பரப்பு அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும், ஆரம் அல்ல: 25 மி.மீ.க்கு ஆரம் 5 என்றால் 100 மி.மீ.க்கு 10. கண் பரப்பைத் துல்லியமாக ஒப்பிடாது. ஒரே அச்சில் உள்ள இடத்தைத்தான் சரியாகப் படிக்கும் என்று புள்ளியியலாளர்கள் கிளீவ்லாண்டும் மெக்கிலும் 1984-இல் சோதித்துக் காட்டினார்கள். அதனால் வட்டத்தின் பக்கத்தில் எண்ணையும் எழுதுங்கள்.

தமிழ் எழுத்தில் ஒரு சோதனை: ‘கொட்டாரம்’. பைத்தான் மொழியில் படம் வரையும் மேட்பிளாட்லிப் போன்ற கருவிகளின் பல பதிப்புகளில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி ‘கொ’ உடையும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவினாலும் இது தீராது; எழுத்துகளைக் கோக்கும் வசதி அங்கே இல்லாததே காரணம். உலாவியில் வரையும் டி3, ஆப்சர்வபிள் பிளாட் ஆகிய கருவிகளில் இந்தத் தொல்லை இல்லை. ‘மாம்பழத்துறையாறு’ போன்ற நீளமான பெயர்களைச் சாய்த்து எழுதாமல், பட்டைகளையே படுக்கையாகப் போடுங்கள்.

வாட்ஸ்அப்பில் போகும் படமானால் 1080 பிக்சல் அகலத்தில் ஏற்றுமதி செய்து, போனில் பெரிதாக்காமல் திறந்து பாருங்கள். முழுமட்டக் கோட்டின் பக்கத்தில் ‘48 அடி’ படிக்க முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது நாட்களைக் குறையுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதானால் கறுப்பு வெள்ளையில் ஒரு நகல் எடுத்து, கனமழைக் கட்டமும் மிகக் கனமழைக் கட்டமும் அதிலும் பிரிந்து தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.