பழைய ஃபிலிம் கேமரா மக்கர் செய்கிறதா? ஸ்குரூவைத் தொடுவதற்கு முன்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபிலிம் கேமராவை ஆசையாகக் கையில் எடுத்து பட்டனை அழுத்தினால் சில சமயம் எந்தச் சத்தமும் வராது. சில சமயம் உள்ளிருக்கும் கண்ணாடி மேலே போய் அப்படியே நின்றுவிடும். வாங்கியவருக்கு மனசு உடைந்துபோகும். நண்பர்கள் இப்படிக் கொண்டுவரும் கேமராக்களைப் பல வருடமாகப் பார்த்துக் கொடுக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு சின்ன டார்ச், இயர்பட்ஸ், மரப் பல்குச்சி, பென்சில் ரப்பர், கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், வீணாகிப்போன ஒரு ஃபிலிம் ரோல், இவ்வளவுதான். கோளாறு எந்த இடத்தில் என்பதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்க இவை போதும். இடம் தெரியாமல் கேமராவைத் திறக்கவே கூடாது என்பது என் பிடிவாதம். நல்ல கேமராக்கள் பல, அவசரப்பட்டுத் திறந்ததால்தான் உதிரி பாகங்களாகிப் போயின.

மின்சாரம் வேண்டிய கேமராவா, வேண்டாததா?

முதல் கேள்வி இதுதான். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்றவற்றில் பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும். பேட்டரியே இல்லாவிட்டாலும் ஷட்டர் (ஃபிலிம் மேல் வெளிச்சம் விழத் திறந்து மூடும் பகுதி) எல்லா வேகத்திலும் அடிக்கும். அடிக்கவில்லை என்றால் பழுது இயந்திரத்தில். கேனான் ஏஇ-1, மினோல்டா எக்ஸ்-700 இரண்டும் வேறு ரகம். பேட்டரி இல்லையென்றால் அவற்றில் ஷட்டர் அசையாது. இது தெரியாமல் "செத்துப்போன கேமரா" என்று தள்ளிவிட்ட ஏஇ-1-க்கு ஒரு புது 6 வோல்ட் பேட்டரி போட்டதும் உயிர் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இடைப்பட்ட ரகமும் உண்டு. நிக்கான் எஃப்இ-யில் எம்90 என்று ஒரு வேகம் இருக்கும், பென்டாக்ஸ் எம்இ சூப்பரில் 125எக்ஸ். இரண்டும் பேட்டரி இல்லாமல் ஓடும். டயலை அதில் வைத்து அழுத்துங்கள். அதில் மட்டும் ஒழுங்காக அடித்தால் இயந்திரம் நன்றாக இருக்கிறது, கோளாறு மின்சாரத்தில் என்று அர்த்தம். ஒலிம்பஸ் ஓஎம்-10-இல் பேட்டரி தீர்ந்தால் கண்ணாடி மேலேயே நின்றுவிடும். டயலை பி-க்கு (பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) திருப்பினால் இறங்கும். அதைப் பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

புது பேட்டரி போட்டும் அசைவு இல்லையென்றால் பேட்டரி அறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உலோகத் தகடுகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கும். ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் வருவது காரம். அதனால் இயர்பட்ஸில் ஒரு சொட்டு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் கரையும். பிறகு ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்து, காய்ந்ததும் பென்சில் ரப்பரால் தகடு பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும். மூடியின் உட்புறத்தைப் பலரும் மறந்துவிடுவார்கள். மின்சாரம் அதன் வழியாகவும் ஓடுகிறது, அதையும் தேயுங்கள். ஏஇ-1-இல் பேட்டரி சோதிக்கும் பட்டன் உண்டு. அதை அழுத்தும்போது வ்யூஃபைண்டரில் ஊசி 5.6 என்ற எண்ணுக்குக் கீழே போய் நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது.

மீட்டர் மட்டும் தப்பாகக் காட்டுகிறதா? 1960, 70-களின் கேமராக்கள் பலவும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. ஓஎம்-1, கேனோனெட் எல்லாம் அப்படித்தான். பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அந்த இடத்தில் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் அளவு பிசகும். காது கேட்கும் கருவியில் போடும் 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் தரும், நெருக்கமாக வரும். அளவு சின்னது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வைத்துப் பொருத்த வேண்டும். ஸ்டிக்கரை உரித்துவிட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆனாலும் நான் இதைத்தான் போடுகிறேன். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அதன் மீட்டரில் இருப்பது பிரிட்ஜ் சர்க்யூட், வோல்ட் கொஞ்சம் மாறினாலும் பொருட்படுத்தாது.

கோளாறு மாதிரித் தெரியும், ஆனால் இல்லை

ஃபிலிமை நகர்த்தும் லீவர் பாதியில் நிற்கிறது என்றால் உள்ளே யாரோ விட்டுவிட்டுப் போன ஃபிலிம் இருக்கலாம், ரோல் முடிந்திருக்கலாம். பின்கதவைத் திறப்பதற்கு முன் ரீவைண்ட் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். பிடிப்பு தெரிந்தால் ஃபிலிம் இருக்கிறது. கீழே உள்ள ரீவைண்ட் பட்டனை அழுத்தி முழுதாகச் சுற்றி எடுத்துவிடுங்கள். அதில் யாருடைய படங்கள் இருக்கின்றனவோ, டெவலப் செய்து பாருங்கள்.

நிக்கான் எஃப்இ-யில் லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தால்தான் ஷட்டர் பூட்டு திறக்கும். ஒலிம்பஸ் ட்ரிப் 35-இல் வெளிச்சம் போதவில்லை என்றால் வ்யூஃபைண்டரில் ஒரு சிவப்புக் கொடி எழும்பும், ஷட்டர் அடிக்காது. அது அந்தக் கேமராவின் குணம். அதை வைத்தே சோதிக்கலாம்: வளையத்தை ஏ-யில் (ஆட்டோ) வைத்து, லென்ஸைச் சுற்றியுள்ள, வெளிச்சத்தை உணரும் செலினியம் பகுதியைக் கையால் மூடி அழுத்தினால் கொடி வர வேண்டும். வெயிலைப் பார்த்து அழுத்தினால் அடிக்க வேண்டும். வெயிலிலும் கொடி வருகிறதென்றால் செலினியம் களைத்துப்போயிருக்கும்.

சோவியத் கேமரா வாங்கியிருந்தால் ஒரு எச்சரிக்கை. ஜோர்கி-4, ஃபெட் மாதிரியானவற்றில் லீவரையோ குமிழையோ சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் திருப்பினால் உள்ளே உடையக்கூடும்.

ஷட்டரைக் கண்ணால் பாருங்கள்

ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, லென்ஸின் அபெர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளை) முழுதாகத் திறந்து வைத்து, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு வேகத்திலும் அடித்துப் பாருங்கள். 1 நொடி ஒரு நொடியாக இருக்கிறதா என்று காதே சொல்லிவிடும். பழைய கேமராக்களில் மெதுவான வேகங்கள்தான் முதலில் கெடும். அவற்றைத் தாமதிக்க வைக்க ஒரு தனிப் பல்சக்கர வரிசை இருக்கிறது. அதிலுள்ள எண்ணெய் காய்ந்தால் ஷட்டர் இழுத்துக்கொண்டே போகும், சில நேரம் திறந்தபடியே நின்றுவிடும். பல வருடம் பெட்டியில் தூங்கிய கேமராவாக இருந்தால் மெதுவான வேகங்களில் விடாமல் அடித்துக்கொண்டே இருங்கள். பாட்டு கேட்டுக்கொண்டே செய்யலாம். பல கேமராக்கள் இதிலேயே இளகிவிடும்.

இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷன் எடுங்கள். 1/8 நொடி என்றால் ஷட்டர் திறந்திருப்பது 30 ஃபிரேமில் தெரிய வேண்டும், 1/30 என்றால் 8 ஃபிரேம். அதற்கு மேல் வேகமானவற்றைப் போன் பிடிக்காது. 1/1000-க்கு வேறு சோதனை. வெளிச்சமான ஆகாயத்தைப் பார்த்து அடிக்கும்போது முழுச் செவ்வகமும் ஒரே அளவு பளிச்சிட வேண்டும். ஷட்டரில் முதல் திரை திறக்கும், இரண்டாவது திரை பின்னாலேயே வந்து மூடும். ஒரு ஓரம் மங்கினால் இரண்டாவது திரை முதல் திரையை எட்டிப் பிடிக்கிறது என்று பொருள். படத்தில் அந்தப் பக்கம் கருத்திருக்கும். இந்த ஒரு வேகத்துக்காகக் கேமராவைத் திறக்கச் சொல்ல மாட்டேன். 1/500 வரை நன்றாக இருந்தால் போதும். ஐஎஸ்ஓ 200 ஃபிலிம் போட்டால் நல்ல வெயிலில் எஃப்/16, 1/250 என்று எடுத்துவிடலாம், 1/1000 தேவையே படாது.

துணித் திரை ஷட்டர் என்றால் இன்னொன்று. இருட்டு அறையில் லென்ஸைக் கழற்றி, முன்பக்கமிருந்து டார்ச் அடித்து (உள்ளே கண்ணாடி உள்ள எஸ்எல்ஆர் ரகம் என்றால், கண்ணாடியை மேலே நிறுத்தும் வசதி இருந்தால் மட்டும்) பின்பக்கம் திரையைப் பாருங்கள். நட்சத்திரம் போல் புள்ளி தெரிந்தால் ஓட்டை. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் இது அதிகம். நடுவில் கண்ணாடி இல்லாததால், மூடி போடாமல் வெயிலில் வைத்தால் லென்ஸே பூதக்கண்ணாடியாகித் திரையைப் பொசுக்கிவிடும்.

கேனோனெட் மாதிரி லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருப்பவற்றில் கிளிக் சத்தம் கேட்கும், ஆனால் இதழ்கள் திறக்காது. பி-யில் வைத்து பின்னாலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். எண்ணெய் படிந்து ஒட்டிக்கொள்வதுதான் காரணம். லைட்டர் ஃப்ளூயிடை ஒரு சொட்டு விட்டால் உடனே ஓடும், அந்த வித்தையைப் பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கரைந்த எண்ணெய் எங்கும் போகாமல் அங்கேயே பரவிக் காய்ந்து மறுபடி ஒட்டும். முறையாகச் சுத்தம் செய்யக் கொடுத்துவிடுவதே மேல். டபிள்யூடி-40 போன்ற ஸ்ப்ரே எண்ணெய்களைக் கேமரா பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஏஇ-1 அடிக்கும்போது கீச்சென்று முனகுகிறதா? கண்ணாடியின் வேகத்தை அடக்கும் சக்கரங்களில் எண்ணெய் காய்ந்துவிட்டது. படம் வரும், ஆனால் தள்ளிப்போடாமல் எண்ணெய் விடக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்பாஞ்ச்: நீங்களே செய்யக்கூடிய வேலை

பின்கதவின் ஓரப் பள்ளங்களில் வெளிச்சம் புகாமலிருக்க கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பார்கள். வருடங்கள் போகப் போக அது தார் மாதிரி இளகிவிடும். விரலில் ஒட்டினால் அதன் காலம் முடிந்தது. கண்ணாடி மேலே போய் மோதும் இடத்திலும் இதே ஸ்பாஞ்ச் இருக்கும். கண்ணாடி மேலே போய் ஒட்டிக்கொள்வதற்கு மின்சாரத்துக்கு அடுத்தபடியாக நான் சந்தேகப்படுவது இதைத்தான்.

எடுக்கும் முறை: கேமராவைக் கவிழ்த்தாற்போல் பிடியுங்கள், துகள்கள் ஷட்டர் மேல் விழக்கூடாது. பல்குச்சியின் நுனியைச் சப்பையாக்கி, ஆல்கஹாலில் தொட்டு, பள்ளத்தை நீளவாக்கில் சுரண்டுங்கள். உலோகம் வேண்டாம், கீறிவிடும். அவசரம் வேண்டாம், இது பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. பள்ளம் சுத்தமானதும் மெல்லிய கறுப்பு ஃபோம் துண்டு வெட்டி ஒட்டலாம், குறுகிய பள்ளத்துக்குக் கறுப்புக் கம்பளி நூலே போதும். தடிமன் கூடினால் கதவு மூடாது, மூடினாலும் கதவை வளைக்கும். கண்ணாடிப் பக்கம் போகும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு மேற்பரப்பிலேயே இருக்கிறது. துணி பட்டாலே கோடு விழும். ஷட்டர் இதழ்களையும் தொடக்கூடாது.

நெகட்டிவைப் படியுங்கள்

இதற்குப் பிறகு ஒரு ரோல் போட்டுப் பார்க்க வேண்டும். முதலில் வீணான ரோலை மாட்டி லீவரைத் தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்றினால் ஃபிலிம் நகர்கிறது. நல்ல ரோலைப் போட்ட பிறகும் இதே குமிழைக் கவனியுங்கள். படம் எடுக்கும்போது எந்த ஃபிரேம், என்ன வேகம், என்ன அபெர்ச்சர் என்று எழுதி வையுங்கள். டெவலப் செய்து வரும்போது நெகட்டிவைக் கண்டிப்பாக வாங்குங்கள். ஸ்கேன் மட்டும் வாங்கினால் பாதி தடயம் போய்விடும்.

ரோல் முழுக்க ஒன்றுமில்லாமல் தெளிவாக இருக்கிறதா? ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிம் பெயரும் ஃபிரேம் எண்களும் தெரிந்தால் டெவலப் செய்தது சரி. ஃபிலிம் நகரவில்லை அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓர எழுத்துகளே இல்லையென்றால் கேமராவைக் குற்றம் சொல்லாதீர்கள், தவறு டெவலப்பிங்கில். ரோல் முழுக்கக் கருத்திருந்தால் வெளிச்சம் பட்டுவிட்டது.

வெளிச்சக் கசிவுதான் சுவாரசியமானது. கறுப்புக் கறை படத்தின் எல்லையைத் தாண்டி ஓரத் துளைகள் வரை பரவியிருந்தால் பின்கதவு வழியாக வந்திருக்கிறது, ஸ்பாஞ்சைப் பாருங்கள். கறை படத்தின் சட்டத்துக்குள்ளேயே நின்றால் முன்பக்கம்தான், திரையில் ஓட்டை அல்லது லென்ஸ் மாட்டும் இடம். கேமராவுக்குள் படம் தலைகீழாக விழுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். நேராகப் பிடித்து எடுத்த படத்தில் கசிவு கீழே தெரிந்தால் தேட வேண்டியது கேமராவின் மேல்பக்கம்.

ஒரு படத்தின் மேல் இன்னொன்று லேசாக ஏறியிருந்தால் ஃபிலிமை நகர்த்தும் பகுதி வழுக்குகிறது. சின்ன அபெர்ச்சரில் எடுத்தவை மட்டும் அளவுக்கு மீறிய வெளிச்சத்தோடு வந்திருந்தால் லென்ஸைச் சந்தேகிக்க வேண்டும். கழற்றி, பின்னால் உள்ள லீவரை நகர்த்தி விட்டுப் பாருங்கள், அபெர்ச்சர் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். எண்ணெய் பளபளப்பும் சோம்பலும் தெரிந்தால் இதழ்களைச் சுத்தம் செய்ய வேண்டும். பூஞ்சை நூல் போல் கொஞ்சம் இருந்தால் படத்தில் பெரும்பாலும் தெரியாது.

வெளியே கொடுக்க வேண்டியவை

உள்ளேயே ஃப்ளாஷ் வைத்த சின்ன காம்பாக்ட் கேமராவை எந்தக் காரணம் கொண்டும் வீட்டில் திறக்காதீர்கள். ஃப்ளாஷ் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது போகாது. எக்ஸ்-700 நல்ல பேட்டரி போட்டும் அடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர் போயிருக்கும். சின்ன பாகம்தான், சால்டரிங் தெரிந்தவருக்குச் சுலபம். அதற்காக அந்தக் கேமராவைத் தூக்கி எறியாதீர்கள்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது "வேலை செய்யலை" என்று மட்டும் சொல்லாமல், எந்த வேகத்தில் நிற்கிறது, பேட்டரி மாற்றியதா, ஃபிலிம் இல்லாமலும் அப்படியா என்பதை ஒரு தாளில் எழுதிக் கேமராவோடு கட்டிக் கொடுங்கள். கோளாறான படத்தின் நெகட்டிவையும் கூடவே வையுங்கள்.