செயினைக் கழற்றும் முன்னே நட்டைத் தளர்த்துங்கள்

மோட்டார் சைக்கிளுக்குச் செயினும் அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் மாற்றும்போது பழைய செயினை முதலில் கழற்றாதீர்கள். அது மாட்டியிருக்கும்போதே ஒருவரை ஏறி உட்கார்ந்து பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, முன்பக்கச் சின்ன ஸ்ப்ராக்கெட்டின் பெரிய நட்டைத் தளர்த்துங்கள். அப்படியே பின் ஸ்ப்ராக்கெட் நட்டுகளையும் தளர்த்திவிடலாம். நட்டின் அடியில் மடித்துவிட்ட வாஷர் இருந்தால் அதை முதலில் உளியால் நிமிர்த்திவிட வேண்டும்.

செயின் போய்விட்டால் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்துவைக்க எதுவும் இருக்காது, கியரில் போட்டாலும் ஸ்பானரோடு சேர்ந்து என்ஜினும் சுற்றும், பிறகு நட்டு ஒன்றுக்காக மோட்டாரை டவுன் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். செயின் இருந்தால் பின்சக்கரத்தின் பிரேக்கே முன் ஸ்ப்ராக்கெட்டையும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. புதியதை மாட்டிய பிறகு முடுக்குவதும் இதே முறைதான். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் மோட்டார் என்றால் நட்டைச் சுற்றியுள்ள மண்ணையும் கிரீஸையும் முந்தின நாளே சுரண்டி, துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி.

ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற கப்சாய் எனும் சின்ன மோட்டார்களுக்கு இது தேவையில்லை. அவற்றில் முன் ஸ்ப்ராக்கெட்டைத் தகடு ஒன்றும் இரண்டு சின்ன போல்ட்டும்தான் பிடித்திருக்கும். செயின் பல்லைத் தாண்டிக் குதிக்கும் அளவுக்குத் தேய்ந்திருந்தாலும் வேண்டாம், பலமாக இழுக்கும்போது அது நழுவிக் கையைக் கிழித்துவிடும்.