எம்பியின் வீடியோ வந்துவிட்டது: விலகச் சொல்வதா, விட்டுவிடுவதா?

இரவு எட்டு மணிக்குத் தேயிலைத் தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுகிறது. மங்கலான ஓர் அறை, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முகம், கூடவே ஒரு பெண். விடிந்து, வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்குப் போவதற்குள் அது மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் போய்ச் சேர்ந்துவிடும், அன்றைக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேறு பேச்சே இருக்காது. செருப்பால் அடித்து விரட்ட வேண்டும் என்று ஒரு கூட்டம், ஆம்பளைன்னா அப்படித்தான், அவரு நமக்கு ரோடு போட்டுக் கொடுத்தாரே என்று இன்னொரு கூட்டம். இரண்டும் இரண்டு வாரம் கத்தும், அப்புறம் அடங்கிவிடும். அவர் அடுத்த ஆடித் திருவிழாவில் மாலையோடு மேடையில் உட்கார்ந்திருப்பார்.

நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் வளர்ந்தவள். பல வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஓர் அக்கா இருந்தார், புருஷன் இல்லாதவர், இரண்டு பிள்ளைகள். வீட்டுத் திட்டப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி ஓர் உள்ளூர் அரசியல்வாதியின் பின்னால் மாதக் கணக்கில் அலைந்தார். கடைசியில் அந்த ஆள் என்ன கேட்டார் என்பதும், அது எப்படி வெளியே வந்தது என்பதும் லயம் முழுக்கத் தெரிந்த கதை. அந்த ஆளைப் பற்றி ஊர் ஒரு வாரம் பேசியது. அக்காவைப் பற்றி இன்னும் பேசுகிறது. அவர் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனார், பட்டியலில் அவர் பெயர் வரவே இல்லை. அப்போது யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள்

கோபத்தில்கூட அனுப்பாதீர்கள். 'ஆதாரம் எல்லாரும் பார்க்கட்டும்' என்று நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு தடவையும் அடி விழுவது அந்தப் பெண்ணுக்குத்தான். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டி எதையும் வெளியிடுவது நம் தண்டனைச் சட்டக்கோவையிலேயே ஒரு குற்றம். இருப்பது ஒரு சிறுமி என்றால் அதைப் போனில் வைத்துப் பரப்புவது இன்னும் பெரிய குற்றம், உடனே 1929க்கு, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அழையுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவர் முகத்தை இன்னொருவர் உடம்பில் ஒட்டி வீடியோ செய்ய இப்போது போன் ஒன்றே போதும். தேர்தல் நேரத்தில் வந்த வீடியோ என்றால் இரண்டு நாள் பொறுங்கள். யார் முதலில் அனுப்பினார்கள், அந்த ஆள் மறுக்கிறாரா, என்ன சொல்லி மறுக்கிறார் என்று பாருங்கள்.

அப்புறம், அது எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றையும் 'ஒழுக்கக்கேடு' என்று ஒரே சாக்கில் கட்டுவதால்தான் நமக்கு எதுவும் பிடிபடுவதில்லை. வயது வந்த இரண்டு பேர், இரண்டு பேருக்கும் விருப்பம், ஒருவர் கையை எதிர்பார்த்து இன்னொருவர் நிற்கவில்லை என்றால், அது அவர் மனைவி கேட்க வேண்டிய கேள்வி, பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி. எனக்கு அது பிடிக்காது, அடுத்த தேர்தலில் அவருக்கு என் விருப்பு வாக்கை, அதாவது கட்சிப் பட்டியலில் ஆள் பார்த்துப் போடும் வாக்கை, போடாமல் விடவும் செய்வேன், ஆனால் பதவியை விட்டு இறங்கு என்று கேட்க மாட்டேன். ஓர் ஆண் இன்னோர் ஆணோடு இருந்தார் என்பதும் அப்படித்தான். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் வெள்ளைக்காரன் எழுதி வைத்த பிரிவு இன்னும் இருக்கிறது என்பதற்காக அதைத் தூக்கிக்கொண்டு ஒருவரை விரட்டாதீர்கள்.

இதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: அவருக்கு அந்தப் பதவி இல்லாவிட்டால் இந்தப் பெண் அந்த வாசலுக்குப் போயிருப்பாளா?

நம் பக்கத்தில் ஓர் அரசியல்வாதியின் கை எங்கெல்லாம் இருக்கிறது என்று யோசியுங்கள். தோட்டத்தில் கொடுக்கிற காணிக்கும் வீட்டுக்கும் யார் பெயர் போகிறது என்பதில் அவர் கை இருக்கிறது. பிள்ளையைப் பட்டணத்துப் பாடசாலையில் சேர்க்க ஒரு கடிதம், பிரதேச சபையில் தற்காலிக வேலை, அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணத்தில் விடுபட்டவர்களுக்காகப் பிரதேச செயலகத்தில் ஒரு வார்த்தை, எல்லாவற்றிலும் இருக்கிறது. இங்கே கட்சி வேறு தொழிற்சங்கம் வேறு என்று பல இடங்களில் பிரிக்கவும் முடியாது, தோட்டத்தை நடத்தும் துரையோடு பிரச்சினை வந்தால் போய் நிற்பதும் அதே ஆளிடம்தான். இத்தனையும் கையில் வைத்திருப்பவர் 'வா' என்று சொன்னால், 'மாட்டேன்' என்று சொல்வதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலை வீடாக இருக்கலாம், வேலையாக இருக்கலாம். அப்படி இருக்கும்போது 'அவளும் சம்மதித்துத்தானே போனாள்' என்பதற்கு என்ன அர்த்தம்?

உதவிக்குப் பதில் உடம்பைக் கேட்பதற்கு இப்போது சட்டத்திலேயே பெயர் இருக்கிறது, பாலியல் இலஞ்சம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதைத் தனிக் குற்றமாக்கியது. முறைப்பாடு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும், இலக்கம் 1954. தொட்டது, சீண்டியது, ஆபாசமாகப் பேசியது எல்லாம் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் வரும், அதற்கு 5 வருடம் வரை சிறை. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் சம்மதம் என்ற பேச்சே எடுபடாது. இந்த மூன்றில் ஒன்று என்று தெரிந்தால் விலகச் சொல்லுங்கள், கூடவே முறைப்பாடும் போகட்டும். விலகிவிட்டார், விட்டுவிடுவோம் என்று முடிக்கிற விஷயங்கள் இல்லை இவை.

மறைக்க என்ன செய்தார் என்று பாருங்கள்

1963இல் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜோன் புரொஃபியூமோ விலகியதற்கு நேரடிக் காரணம் அந்த உறவுகூட இல்லை, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பாராளுமன்றத்தில் எழுந்து பொய் சொன்னதுதான். பில் கிளின்டன் மேல் 1998இல் குற்றப் பிரேரணை வந்ததும் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார், நீதிக்குத் தடை போட்டார் என்றுதான், 1999இல் செனட் அவரை விடுவித்தது, பதவிக்காலம் முடியும்வரை இருந்தார். அவர் விலகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம், அதுவும் பொய்க்காக மட்டும் இல்லை. அவர் ஜனாதிபதி, அவள் வெள்ளை மாளிகைக்குப் பயிற்சிக்கு வந்த 22 வயதுப் பெண். அவருடைய புகழ் பெரிதாகக் குறையவில்லை, அவளைத்தான் வருடக் கணக்கில் உலகமே கேலி செய்தது. வொஷிங்டனிலும் நம் லயத்துக் கதைதான்.

நம் ஊரில் மறைப்பது இன்னும் எளிது. பெண்ணின் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள், காசு கொடுப்பார்கள், அண்ணனுக்கு வேலை தருவதாகச் சொல்வார்கள், மசியாவிட்டால் சங்கத்துப் பையன்கள் வீட்டு வாசல் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். நடந்த விஷயம் எந்த வகை என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தாலும், இது நடந்தது என்று தெரிந்தால் அப்புறம் யோசிக்க வேண்டாம். ஒரு குடும்பத்தை மிரட்ட ஆள் அனுப்புகிறவர் ஒரு நாளும் மக்கள் பிரதிநிதியாக இருக்கக் கூடாது.

'நமக்கு இருப்பதே ஒன்றிரண்டு பேர்'

இதைத்தான் நீங்கள் அதிகம் கேட்பீர்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1948இல் குடியுரிமை போய், அடுத்த வருடம் ஓட்டும் போய், பல வருடங்கள் பாராளுமன்றத்தில் நாம் தெரிவு செய்த ஆளில்லாமல் கிடந்த மலையகத் தமிழ்ச் சனம் நாம். எங்கள் தாத்தா ஓட்டுப் போடாமலே செத்துப் போனார். அதனால் 'நம்ம ஆளை நாமே இறக்கினால் சிரிப்பது யார்?' என்று ஒரு பெரியவர் கேட்டால் அந்தப் பயத்தை நான் லேசாக எடுக்க மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். நம் முறையில் ஒரு மாவட்ட எம்பி விலகினால் இடைத்தேர்தல் வருவதில்லை, அதே கட்சிப் பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் அந்த இடத்துக்கு வருகிறார். நுவரெலியாவுக்கு 8 ஆசனம் என்றால் அவர் போன பிறகும் 8 தான், கட்சிக்கு இருந்ததும் அப்படியே இருக்கும். ஆள்தான் மாறுகிறார். ஆகவே 'சமூகத்துக்கு ஓர் ஆசனம் போய்விடும்' என்று யாராவது சொன்னால், பெரியவரே, ஆசனம் எங்கேயும் போகாது, அடுத்து இருப்பவர் யார் என்று பட்டியலைப் பார்ப்போமா என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்த ஓட்டுக்காகக் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்பதையும் சொல்லுங்கள்.

'நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லட்டும்' என்பது அடுத்தது. சிறைக்கு அனுப்புவதற்குத் தீர்ப்பு வேண்டும், சரி. பதவி என்பது நாம் கொடுத்து வைத்த நம்பிக்கை, அதைத் திருப்பிக் கேட்க அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் முதல் நாளே ஆசனத்தைக் கேட்காதீர்கள். முறைப்பாடு செய்தவர்கள் மேல் அதிகாரம் கொடுக்கிற பொறுப்புகளிலிருந்து, அதாவது சங்கப் பதவி, வீடமைப்புக் குழு, அபிவிருத்திக் கூட்டம் இவற்றிலிருந்து விசாரணை முடியும்வரை விலகி நிற்கச் சொல்லுங்கள். இதைக்கூடச் செய்ய மாட்டேன் என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

நம் நாட்டில் வாக்காளர் ஓர் எம்பியைத் திருப்பி அழைக்க வழி இல்லை. அவரே பாராளுமன்றச் செயலாளர் நாயகத்துக்குக் கடிதம் கொடுத்து விலக வேண்டும், அல்லது கட்சி அவரை நீக்க வேண்டும், அப்போதும் அவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். ஆகவே பிடி இருப்பது கட்சிப் பொதுச் செயலாளரிடம். தெருவில் டயர் கொளுத்துவதை விட அவர் மேசையில் ஒரு நல்ல கடிதம் இருப்பது பெரிய வேலை.

ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன் அந்தப் பெண்ணிடம் போங்கள், இரண்டு பெண்கள் மட்டும். அவள் வேண்டாம் என்றால் அவளைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். சரி என்றால் முதலில் முறைப்பாடு. பொலிஸின் சிறுவர், மகளிர் பணியகத்துக்கு 109, மகளிர் உதவிக்கு 1938. பொலிசுக்குப் போகும்போது சிங்களம் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட விடாதீர்கள். அவள் பொலிசுக்குப் போகிற அன்றைக்கு வேலைக்குப் பேர் விழாது, சம்பளம் போகும், பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும், பஸ் காசு வேண்டும். மாதர் சங்கம் இதைப் பார்த்துக்கொண்டாலே பாதிப் பாரம் இறங்கும்.

கடிதம் இவ்வளவு போதும்:

"எங்கள் பகுதி உறுப்பினர், தம் பதவியை நம்பி உதவி கேட்டு வந்த ஒருவரிடம் பாலியல் இலஞ்சம் கேட்டதாக இன்ன திகதியில் முறைப்பாடு செய்யப்பட்டுள்ளது. விசாரணை முடியும்வரை அவரைச் சங்கப் பொறுப்பிலிருந்தும் வீட்டுப் பயனாளிகளைத் தெரிவுசெய்யும் வேலையிலிருந்தும் விலக்கி வையுங்கள். முறைப்பாடு உண்மை என்று தெரிந்தால் ஆசனத்தை விட்டு விலகச் செய்யுங்கள். 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்."

பெயர் வேண்டாம், தோட்டம் வேண்டாம், லயத்து இலக்கம் வேண்டவே வேண்டாம். அவர் சாதி, குடும்பம், குடிப்பழக்கம் பற்றி எழுதினால் கடிதத்தின் பலம் போய்விடும். முதல் கையெழுத்துகள் பெண்களுடையதாக இருக்கட்டும், பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் உங்களிடம் இன்னொன்று இருக்கிறது, மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிற தொழிற்சங்கச் சந்தா. அதை நிறுத்தச் சொல்லித் தோட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். ஒருவர் கொடுத்தால் மிரட்டுவார்கள், ஒரு டிவிசனே கொடுத்தால் தலைவர் மறுநாளே லயத்துக்கு வருவார்.

விலகல் கடிதம் வந்தால் வாசித்துப் பாருங்கள்

2009 டிசம்பரில் ஆந்திர ஆளுநர் என்.டி. திவாரி பற்றிய காட்சிகள் தொலைக்காட்சியில் வந்தபோது, அவர் எல்லாவற்றையும் மறுத்துவிட்டு உடல்நலம் சரியில்லை என்று சொல்லி விலகினார். இப்படி விலகினால் நடந்ததற்கு எந்தப் பதிவும் இருக்காது. 2012இல் கர்நாடகச் சட்டசபைக்குள் போனில் ஆபாசக் காட்சி பார்த்த விவகாரத்தில் 3 அமைச்சர்கள் விலகினார்கள், அவர்களில் ஒருவரான லக்ஷ்மண் சவதி 2019இல் துணை முதலமைச்சராக வந்தார். ஆகவே 'தனிப்பட்ட காரணங்களுக்காக' என்று ஒரு வரி வந்தால் பட்டாசு கொளுத்தாதீர்கள். காரணத்தைக் கட்சி எழுத்தில் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள், அடுத்த வேட்பாளர் பட்டியல் வரும்போது முதலில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

அவர் போன பிறகு பிரதேச செயலகத்துக்கு ஒரு நடை போங்கள். வீட்டுத் திட்டப் பட்டியலை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டு வாங்கலாம். அவள் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புதிதாக வந்தவரிடம் அவளைத் தனியாக அனுப்பாதீர்கள், நான்கு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள்.